கோத்தகிரிக்காரரின் ஒன்பதாம் தொகுதி

மீன் பிடிக்காதவன் மீன்பிடிப் புத்தகங்களைச் சேர்ப்பதில் ஒரே ஒரு வசதி உண்டு: கையில் கவிச்சி அடிக்காது. மற்றபடி எல்லாம் தொல்லைதான். தபால்தலை, பழைய நாணயம், தீப்பெட்டி லேபிள், மை பேனா என்று எதையாவது சேர்த்துவைத்து, அதன் அருமையை வீட்டில் ஒருவருக்கும் புரியவைக்க முடியாமல் தவித்தவர் நீங்கள் என்றால், நாம் ஒரே ஜாதி. என் நிலைமை உங்களுடையதைவிட ஒரு படி மோசம். உங்களுக்கு அலுத்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆளாவது இருந்திருக்கும்.

நான் புதுச்சேரியில் ஒரு நாளிதழில் முப்பத்துநான்கு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். பெரும்பாலும் இரவுப் பணி. "மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாரு?" என்ற கேள்விக்கு என் அம்மாவால் எந்தப் பெண் வீட்டிலும் பதில் சொல்ல முடியவில்லை. கல்யாணம் தள்ளிப்போனது. பிறகு தள்ளிப்போவதும் நின்றுவிட்டது.

ஒரு நாள் மதிப்புரைக்கென்று ஆங்கிலப் பதிப்பகம் ஒன்றிலிருந்து மெல்லிய மாதிரிப் புத்தகம் வந்தது. யாரும் சீண்டவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். குளிர்ந்த ஆற்றில் இடுப்பளவு நின்றபடி, இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி செய்த தூண்டில் முள்ளைத் தண்ணீர்மேல் வீசி மீன் பிடிக்கும் கலை பற்றியது. விபத்து, தேர்தல், வெட்டுக்குத்து என்று திருத்தித் திருத்திச் சலித்த எனக்கு, ஒன்றுமே நடக்காத அந்தப் பக்கங்கள் பிடித்துப்போயின. அதே பதிப்பகம் இந்த வகைப் பழைய நூல்களை இருபத்துநான்கு தொகுதிகளாக மறுபதிப்பு செய்தது. ஆட்டுத்தோல் அட்டை, முதுகில் பொன் எழுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஓர் எண். அந்த எண்ணை அவருக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலும் கையாலேயே எழுதியிருப்பார்கள். என் எண் 143. நாலு மாதத்துக்கு ஒன்றாக வந்து முடிய எட்டு வருடம் ஆயிற்று.

திரும்ப விட்டவன்

என் வாடகை வீடு வைத்திக்குப்பத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில். மீன் வாங்கக் கரைக்குப் போவேன். அங்கே ஏழுமலை என்று ஒரு படகுக்காரர். நான் மீன் புத்தகம் சேர்ப்பவன் என்று எப்படியோ கேள்விப்பட்டு, "நம்ம தொழிலப் பத்தி இன்னா சார் எழுதியிருக்கான், காட்டு" என்று ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையைக் கழுவச் சொன்னேன். கழுவினார். துண்டில் துடைக்கச் சொன்னேன். துடைத்தார். அப்புறம்தான் முதல் தொகுதியைப் பெட்டியிலிருந்து எடுத்து, முன்பக்கப் படத்தைக் காட்டினேன்.

ஓர் ஆள், ஓர் ஆறு, ஒரு குச்சி. வலை எங்கே என்றார். கிடையாது என்றேன். எத்தனை மீன் கிடைக்கும் என்றார். நல்ல நாளில் ஒன்றிரண்டு. படத்தின் அடியில் எழுதியிருந்தபடி, இந்த ஆசாமி அதையும் முள்ளைக் கழற்றிவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான் என்றேன். ஏழுமலை படத்தை வெகுநேரம் பார்த்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் குரல் இறங்கித்தான் வந்தது. "அப்ப மீனுக்காகப் போகல சார் அவன். வூட்ல யாரும் இல்லாதவனா இருப்பான்."

143-ம் 144-ம்

ஒன்பதாம் தொகுதி வந்து ஒரு வாரம் இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கரகரத்த குரல். "நூத்தி நாப்பத்திமூணு பேசுறதா?" என்றது. சிறையிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். பேசியவர் கோத்தகிரியில் தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகன் குடும்பத்தோடு இருக்கிறார். இந்த வரிசையின் 144-ஆம் சந்தாதாரர் அவர். பார்சல் கட்டிய புண்ணியவான் எங்கள் இருவருக்கும் ஒன்பதாம் தொகுதியை மாற்றி அனுப்பியிருந்தான். என் 143 அவரிடம். அவருடைய 144 என்னிடம். பதிப்பகத்துக்கு எழுதி என் போன் எண்ணை வாங்கியிருக்கிறார்.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆமாம், 144. ஒரு வாரமாக அலமாரியில் வைத்து அழகு பார்த்திருக்கிறேன். முப்பத்துநான்கு வருடம் அடுத்தவர் பிழையைத் திருத்தியே சாப்பிட்டவன், என் வீட்டில் இருந்த பிழையைப் பார்க்கவில்லை. வெட்கத்தை மறைத்துக்கொண்டு, நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன். "அவசரம் வேணாம் சார். இந்த வகையறா புத்தகத்துக்கு நம்ம பக்கத்துல இன்னொரு கிறுக்கன் இருக்கான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மொதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை சாவகாசமாப் பேசுவோம்."

மதாம் கணக்கு

அப்படித்தான் ஞாயிறு காலை பதினோரு மணி வழக்கம் ஆரம்பித்தது. அவர் என்னைப் பாண்டிச்சேரி என்பார், நான் அவரைக் கோத்தகிரி என்பேன். பெயர் சொல்லி அழைத்ததாக நினைவில்லை. அவர் இளவயதில் நீலகிரி ஓடைகளில் நிஜமாகவே ட்ரவுட் மீன் பிடித்தவர். "நீ குழம்புல பிடிச்சவன், நான் ஓடையில பிடிச்சவன்" என்பது அவர் பெருமை. மேலாளராக இருந்தவர் இல்லையா, சீக்கிரமே ஒருமைக்கு வந்துவிட்டார். அவரிடமிருந்த சரக்குக் கொஞ்சம்தான். அந்த நாலைந்து மீன்களையே மாற்றி மாற்றிப் பிடிப்பார். ஞாயிற்றுக்கு ஞாயிறு மீனுக்கு எடை கூடும். நான் திருத்தமாட்டேன்.

பேச்சுச் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு மதாம் விசாரித்தார். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாவின் விதவை. எண்பதைத் தாண்டியும் ஒரு நாளிதழ் விடாமல் வாசிப்பவர். தொகுதி மாறிய கதையை விவரமாகச் சொன்னேன். எண்கள், கையெழுத்து, பெட்டி எல்லாம். பொறுமையாகக் கேட்டார். "உள்ள இருக்கிற எழுத்து ஒண்ணுதானே?" என்றார். ஒன்றுதான். "படம்?" அதுவும் ஒன்றுதான். மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "உங்ககிட்ட ஒம்பது இருக்கு, அவருகிட்ட ஒம்பது இருக்கு. பின்ன இன்னா மிசியே, பத்தா வேணும்?"

பூச்சியும் பொட்டலமும்

கடலோரத்தில் தோல் அட்டைப் புத்தகம் வைத்திருப்பது, உப்பு மூட்டையை மழையில் வைத்த மாதிரி. ஐப்பசியில் அட்டை வேர்க்கும். கார்த்திகையில் பூஞ்சை பூக்கும். பிறகு ராமபாணப் பூச்சி வரும். பூச்சி உருண்டை போட்டேன், வேப்பிலை போட்டேன். கோத்தகிரி சொன்ன யோசனைதான் பலித்தது: புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அது.

நேரு வீதியில் ஒரு செருப்புக் கடைக்குப் போய் அந்தப் பொட்டலங்கள் கிடைக்குமா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. ஒரு பை நிறையச் சேர்த்துவைத்துக் கொடுத்தாள். மாதாமாதம் போவேன். மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ என் காலைப் பார்த்தாள். வார் அறுந்து ஊக்குப் போட்ட ரப்பர் செருப்பு. "சார், வாங்கறவங்க எல்லாம் ஷூவ எடுத்துக்கிட்டு இதத் தூக்கிப் போடுறாங்க. நீங்க ஒருத்தர்தான் இத எடுத்துக்கிட்டு ஷூவ விட்டுட்டுப் போறீங்க."

கீறாத ஓரம்

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் தொழில் விஷயம் ஒன்று. இந்தத் தொகுதிகளைப் பழைய முறைப்படி கட்டியிருந்தார்கள். அச்சடித்த பெரிய தாளை மடித்து, ஓரத்தை நறுக்காமல் அப்படியே தைத்துவிடுவது. நாலு பக்கத்துக்கு இரண்டுதான் கண்ணுக்குத் தெரியும். மீதியைப் படிக்க வேண்டுமானால் மடிப்பைக் கத்தியால் கீற வேண்டும். கீறினால் மதிப்புப் போயிற்று. சேகரிப்பவன் கீறமாட்டான். ஆகவே இருபத்துநான்கு தொகுதியும் வைத்திருந்து ஒன்றைக்கூடப் படிக்காமல் இருந்தேன். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பீங்கான் செட்டில் நீங்கள் எத்தனை தடவை டீ குடித்தீர்கள்?

ஒரு டிசம்பரில் அடைமழை. மூன்று நாள் வெளியே போகவில்லை. ஞாயிறு பதினோரு மணிக்குக் கோத்தகிரிக்கு லைன் கிடைக்கவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. அன்றைக்கு நான் யாரோடும் பேசவில்லை என்பது, பால் பாக்கெட்டை எடுக்கையில் இருமி, என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டபோதுதான் உறைத்தது. அலமாரி முன்னால் நின்றேன். இருபத்துமூன்று என்னுடையவை. ஒன்று என்னுடையது அல்ல. அதைக் கீறினால் என் வரிசை கெடாது. சமையலறைக் கத்தியைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தேன்.

அது ஒரு பாதிரியார் எழுதியது. அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு கதை. பாலத்தடியில் இருக்கும் ஒரு கிழட்டு ட்ரவுட்டுக்காக இரண்டு நாள் மழையில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் அது மேலே வருகிறது, கைக்கெட்டும் தூரத்தில். அவர் தூண்டிலை வீசவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் மீனைப் பார்க்கவே இல்லை என்று சொல்கிறார். ஏன் வீசவில்லை என்று எழுதவில்லை. அடுத்த ஞாயிறு கோத்தகிரியிடம் இதைக் கேட்க நாக்குத் துடித்தது. கேட்டால் அவர் பிரதியைக் கீறியது தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு, அவர் பழைய மீன் இன்னும் கால் கிலோ கூடியதைக் கேட்டேன். நாளிதழில் என்னோடு இருந்த ராமலிங்கம், உறவுக்காரர்களை நோணாங்குப்பத்தில் உல்லாசப் படகில் ஏற்றிவிட்டு என்னைப் பார்க்க வந்தபோது, அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அலமாரியை ஏற இறங்கப் பார்த்தான். "இருபத்துநாலு புக்கு வாங்கி, படிச்சது ஒண்ணு. அதுவும் அடுத்தவனோடது. நீயெல்லாம் எப்படிடா எடிட்டோரியல்ல இருந்த?"

சேலம் பஸ் ஸ்டாண்டு

கீறிய பிறகு புத்தகத்தை அனுப்ப எனக்குப் பயம். அவர் கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்குச் சொன்னேன். மழைக்காலம், கூரியர்காரன் எறிவான், நல்ல அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் அவரும் ஒரு சாக்கு வைத்திருப்பார். மலையில் மண்சரிவு, கால் வீக்கம், மருமகள் ஊருக்குப் போயிருக்கிறாள். அவருக்குச் சோம்பல் என்று நினைத்தேன், எனக்கு வசதியாகவும் இருந்தது. இப்படியே வருடங்கள் ஓடின. மாற்றிக்கொண்டால் பேச என்ன இருக்கும் என்ற நினைப்பும் ஓரத்தில் இருந்தது. அதை நான் எடுத்துப் பார்க்கவில்லை.

ஒருமுறை மட்டும் நேரில் சந்தித்து மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. இருவருக்கும் நடுவில் சேலம். பஸ் ஸ்டாண்டில் பகல் பன்னிரண்டு மணி. புத்தகத்தைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். விழுப்புரத்தில் பஸ் மாற வேண்டும். இறங்கினேன், சேலம் பஸ் நின்றது. நான் ஏறவில்லை. ஒரு டீ குடித்தேன், இன்னொன்று குடித்தேன், புதுச்சேரி பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். பன்னிரண்டரைக்குத் துணிந்து போன் போட்டு, திடீரென்று வயிறு சரியில்லை, வரமுடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பக்கம் பஸ் சத்தத்துக்குப் பதிலாகக் குக்கர் விசில் கேட்டது. "நல்ல வேளைய்யா. நீ வந்திருந்தா, நான் வரலைன்னு திட்டியிருப்ப."

பென்சில்

போன வருடம் ஆடி மாதம் மூன்று ஞாயிறு தொடர்ந்து கோத்தகிரி எடுக்கவில்லை. நான்காம் ஞாயிறு அவர் எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினார். மருமகள். மாமாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு வரவில்லை, காது நன்றாகக் கேட்கிறது என்றார். மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து இடது கையால் அலமாரியையே காட்டிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் காட்ட, ஒன்பதாவதில் தலையை அசைத்திருக்கிறார். "பாண்டிச்சேரி சாருக்கா மாமா?" என்று கேட்டதும் கண்ணை மூடித் திறந்தாராம். "கூரியர்ல போட்டிருக்கேன் சார். புக்கு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், கோவிச்சுக்காதீங்க."

மூன்றாம் நாள் வந்தது. என் 143. பெட்டியிலிருந்து எடுத்ததுமே தெரிந்துவிட்டது. ஓரங்கள் கீறப்பட்டிருந்தன, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை. என் கத்தியைவிட அவருடையது கூர்மை. அதோடு விடவில்லை, ஓரம் முழுக்கப் பென்சிலில் எழுதியிருந்தார். அடுத்தவன் பிரதியில்! "பாண்டிச்சேரி, இந்தாள் புளுகுறான், இந்தத் தண்ணியில இவ்வளவு பெரிய மீன் நிக்காது." "இங்க உனக்குத் தூக்கம் வரும், ரெண்டு பக்கம் தாண்டு." "இதை ஞாயித்துக்கிழமை சொல்லணும். சொல்ல முடியாது. சொன்னா வெட்டினது தெரிஞ்சுடும்." அறுபத்தோராம் பக்கத்துக்கு நேராகப் போனேன். பாலத்தடிக் கதையின் கீழே, மற்றவற்றைவிட அழுத்தி எழுதியிருந்தது: "ஏன் தூண்டில் போடலைன்னு கேப்ப. போட்டுட்டா மறுநாள் எதுக்குய்யா வரணும்?"

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். கரையில் ஏழுமலையின் படகை ஏழெட்டுப் பேர் சேர்ந்து மேலே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குரல் கொடுக்க மற்றவர்கள் தள்ள, ஒரே சத்தம். படகு மேடேறும்வரை நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். மருமகள் போனை அவர் காதில் வைத்தார். மூச்சு மட்டும் கேட்டது. "கோத்தகிரி" என்றேன். இத்தனை வருடமும் அவர் பேசி நான் கேட்ட போன் அது. "உங்க 144-ஐயும் நான் கீறிட்டேன். அந்த டிசம்பர் மழையிலேயே. சமையலறைக் கத்தி. ஓரம் பிசிறு பிசிறா இருக்கு" என்றேன். மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக வந்தது. அது சிரிப்பா, கோபமா, இருமலா, எனக்குப் புலப்படவில்லை. அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்து, பாதிரியாரின் வரிகளைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். ஓரத்தில் அவர் எழுதியதையும் அதனதன் இடத்தில் படித்தேன். மீன் மேலே வரும் இடத்தில் அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. மருமகள் போனை வாங்கினார். "சார், மாமா கையை ஆட்டுறாங்க. போனை வைக்கச் சொல்றாங்களா, மேல படிக்கச் சொல்றாங்களான்னு எனக்குத் தெரியல சார்."

எட்டு வருடம் பாடுபட்டுச் சேர்த்த வரிசையில், கீறாமல் அலமாரியில் நிற்கும் இருபத்துமூன்றைக் கழித்தால், இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டாத இரண்டு ஒன்பதாம் தொகுதிகளும், வைக்கச் சொல்கிறாரா படிக்கச் சொல்கிறாரா என்று இன்னமும் தெரியாத ஒரு கையசைப்பும்தான். பொருள் தெளிவில்லாத இடத்தில் நமக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்வது பழைய தொழில் புத்தி என்பதால், இந்த ஞாயிறு எழுபத்தேழாம் பக்கத்துக்கு வந்திருக்கிறோம்.